நூறாண்டுப் போர்: களங்களை வென்ற இங்கிலாந்து நாட்டை இழந்தது எப்படி?

மாட்டுங்கா வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இங்கே மும்பையில் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்டதை வீட்டுக்கு வந்து தமிழில் பேசித் தெளிவது எங்கள் இருவருக்கும் நெடுநாளைய வழக்கம். இந்தப் பருவத்தில் ஐரோப்பிய இடைக்காலம் பாடமாக வந்திருக்கிறது. அதில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் 1337 முதல் 1453 வரை நடந்த நூறாண்டுப் போரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். படிக்கப் படிக்க ஐயங்கள்தான் பெருகுகின்றன.

எங்களுக்கு விளங்காதது இதுதான். பாடத்தில் பெரிதாகப் பேசப்படும் சண்டைகள் மூன்று: 1346இல் கிரெசி, 1356இல் புவாத்தியே, 1415இல் அஜின்கோர்ட். மூன்றிலும் எண்ணிக்கையில் குறைந்த ஆங்கிலப் படையே வென்றிருக்கிறது. புவாத்தியேயில் பிரான்சின் மன்னர் இரண்டாம் ஜானையே சிறைபிடித்து லண்டனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அஜின்கோர்ட்டில் வென்ற ஐந்தாம் ஹென்றியோ, 1420இல் செய்துகொண்ட துருவா உடன்படிக்கையின்படி பிரெஞ்சு மன்னரின் மகளை மணந்து, அந்த மன்னருக்குப் பின் அரியணைக்கும் தாமே உரியவர் என்று எழுதி வாங்கியிருக்கிறார். இவ்வளவும் கைக்கு வந்த பிறகு, அடுத்த 33 ஆண்டுகளில் கலே என்ற ஒரு துறைமுகத்தைத் தவிரப் பிரெஞ்சுப் பெருநிலத்தில் இருந்த அனைத்தையும் இங்கிலாந்து இழந்துவிடுகிறது. ஜோன் ஆஃப் ஆர்க் என்ற ஒரு பெயரைச் சொல்லிப் பாடக்குறிப்பு இதைக் கடந்துபோகிறது. ஆனால் அவரை 1431இல் எரித்துவிட்டார்கள். போர் அதற்குப் பிறகும் 22 ஆண்டுகள் நடந்திருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆங்கில மன்னர் மூன்றாம் எட்வர்ட் தம் தாய்வழியில் பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரியதுதான் போரின் காரணம் என்கிறார்கள். அது மெய்யான உரிமையா, அல்லது போருக்குத் தேடிக்கொண்ட சாக்கா? இந்தக் காலத்தை ஊன்றிப் படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முலுண்ட் ஆசிரியர்:

அம்மா, வணக்கம். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் போரை 1337இல் தொடங்கிப் படிப்பது, நள்ளிரவுக்குப் பிறகு போய்த் தெருக்கூத்தின் நடுவில் உட்காருவதைப் போன்றது. யார் எதற்காகச் சினந்து நிற்கிறார்கள் என்பதே பிடிபடாது. ஆகவே 1152இலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டில் அக்கித்தேன் நாட்டின் கோமகளான எலியனோர், பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயியுடன் இருந்த மணவுறவு முறிந்த சில வாரங்களிலேயே ஆன்ஜூ நாட்டு ஹென்றியை மணந்தார். அந்த ஹென்றி 1154இல் இங்கிலாந்தின் அரசரானார். பிரான்சின் தென்மேற்கில் பெரும்பகுதி இவ்வாறு திருமணத்தின் வழியாகவே ஆங்கில மன்னர்களின் குடும்பச் சொத்தாயிற்று. எவரும் படையெடுத்துப் பிடித்த மண் அன்று அது. பிற்பாடு நார்மண்டி முதலியவை கைநழுவினாலும், போர்தோவைத் தலைநகராகக் கொண்ட கஸ்கொனி மட்டும் நிலைத்தது. 1259இல் பாரிசில் செய்த உடன்படிக்கையின்படி, அந்த நிலத்துக்காகத் தாம் பிரெஞ்சு மன்னரின் கீழ்ப்பட்ட சிற்றரசர் என்பதை மூன்றாம் ஹென்றி ஒப்புக்கொண்டார்.

நோய் இந்த ஒப்புதலில்தான் இருக்கிறது. ஒரே மனிதர் கடலின் ஒரு கரையில் முடிசூடிய மன்னர். மறுகரையில் இன்னொரு மன்னரின் முன் மண்டியிட வேண்டியவர். கஸ்கொனியில் ஒரு நிலவழக்கில் தோற்ற எவரும், ஆங்கில மன்னரின் தீர்ப்பை எதிர்த்துப் பாரிசில் இருந்த மன்னர் மன்றத்தில் முறையிடலாம். முறையீட்டுக்குப் பதில் சொல்ல ஆங்கில மன்னர் வராவிட்டால், கட்டளையை மீறிய சிற்றரசரின் நிலத்தைப் பறிமுதல் செய்யலாம். 1294இலும் 1324இலும் கஸ்கொனியை இப்படிப் பறிமுதல் செய்தார்கள். இருமுறையும் போர் நடந்து, பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். 1337 மே மாதத்தில் பிரெஞ்சு மன்னர் ஆறாம் பிலிப் மூன்றாவது முறையாகப் பறிமுதலை அறிவித்தார். அந்த அறிவிப்புதான் போரின் தொடக்கம். எட்வர்ட் பிரான்சின் மன்னர் என்ற பட்டத்தை முறைப்படி சூட்டிக்கொண்டதோ 1340 சனவரியில். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை: நிலத் தகராறு முதலில், அரியணை உரிமை பிறகு.

இனி முதல் கேள்வி. கிரெசியில் வென்றது எது என்று பார்த்தாலே, அந்த வெற்றியால் எதைச் சாதிக்க முடியாது என்பதும் தெரிந்துவிடும். ஆங்கிலப் படையின் வலிமை நெடுவில்லும், குதிரையை விட்டிறங்கித் தரையில் நின்று போரிடும் கவச வீரர்களும். இரண்டுமே தற்காப்பு முறைகள். சரிவான மேட்டைத் தேர்ந்தெடுத்து, பக்கங்களில் வில்லாளர்களை நிறுத்தி, எதிரி முன்னேறி வரும்வரை காத்திருக்க வேண்டும். 1346 ஆகஸ்ட் 26 அன்று மாலையில் பிரெஞ்சுக் குதிரைப்படை அப்படித்தான் வந்தது. தமக்கு முன்னே அனுப்பியிருந்த ஜெனோவா நாட்டுக் குறுக்குவில் வீரர்கள் பின்வாங்கியபோது அவர்களையே மிதித்துக்கொண்டு அலையலையாக வந்து விழுந்தது. கண்பார்வை இழந்த பொகீமிய மன்னர் ஜான் அந்தக் களத்தில் மாண்டார். ஆனால் வெற்றி பெற்ற எட்வர்ட் பாரிசுக்குப் போகவில்லை, போயிருக்கவும் முடியாது. வடக்கே நகர்ந்து கலேயை முற்றுகையிட்டார். அந்த ஒரு நகரம் பணிய ஏறத்தாழ 11 மாதங்கள் பிடித்தன. கல்மதில் சூழ்ந்த ஊர்கள் நிறைந்த நாடு பிரான்சு. திறந்த வெளியில் ஒரு பகற்பொழுதில் பெறும் வெற்றி எந்த மதிலையும் இடித்துவிடாது.

புவாத்தியேக்குப் பின் நடந்ததும் அதுதான். மன்னரே சிறையில் இருக்க, 1358இல் வடபிரான்சின் உழவர்கள் கிளர்ந்தெழ, பாரிசு நகரமே வணிகர் தலைவரான எத்தியேன் மார்செலின் கைக்குள் போய்விட, இதைவிட நல்ல வாய்ப்பு எந்தப் படையெடுப்பாளருக்கும் கிடைக்காது. 1359 இறுதியில் எட்வர்ட் பெரும்படையுடன் ரெய்ம்ஸ் நகருக்குச் சென்றார். பிரெஞ்சு மன்னர்கள் திருநெய் பூசி முடிசூடும் நகரம் அது. நகரத்தார் கதவைத் திறக்கவில்லை. மழையிலும் குளிரிலும் சில வாரங்கள் மதிலுக்கு வெளியே கிடந்துவிட்டுப் படை விலகியது. கிரெசியையும் புவாத்தியேயையும் வென்றவர்களுக்கு ஒரு நகரத்தின் கதவு திறக்காமற்போன இந்த நிகழ்வைப் பாடங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. என் பார்வையில் போரின் முதற்பாதியை விளக்கும் நிகழ்வு இதுவே.

அதன்பின் 1360இல் பிரெத்தீனி உடன்படிக்கை வந்தது. ஜானின் விடுதலைக்கு 30 லட்சம் பொற்காசுகள் மீட்புத்தொகை என முடிவாயிற்று. விரிந்த அக்கித்தேனும் கலேயும் எவருக்கும் மண்டியிடாத முழு உரிமையுடன் எட்வர்டுக்குக் கிடைத்தன. அவர் அரியணைக் கோரிக்கையைக் கைவிட இசைந்தார். இரு தரப்பும் முறைப்படி எழுதித் தர வேண்டிய துறப்பு ஆவணங்கள் மட்டும் கடைசிவரை பரிமாறப்படவில்லை. அந்த மீட்புத்தொகையைத் திரட்டத்தான் பிரான்சில் பொருள்கள் மீதான வரியும் உப்பு வரியும் நாடு முழுவதும் ஆண்டுதோறும் வசூலிக்கும் முறைக்கு வந்தன. மன்னர் மீண்டுவந்த பிறகும் அந்த வரிகள் போகவில்லை. பிரான்சின் மக்கள்தொகை இங்கிலாந்தினுடையதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு; அந்த மக்களிடமிருந்து ஒழுங்காக வரி வாங்கும் வழியைப் பிரெஞ்சு அரசுக்குத் திறந்துவிட்டது அதன் மிகப் பெரிய தோல்விதான். இங்கிலாந்திலோ ஒவ்வொரு முறையும் மன்னர் நாடாளுமன்றத்தின் முன் நின்று பணம் கேட்க வேண்டியிருந்தது.

ஜானின் மகன் ஐந்தாம் சார்லஸ் 1364இல் ஆட்சிக்கு வந்தார். போர்க்களத்தை விரும்பாத, நூல்களை நேசித்த மன்னர். எட்வர்டின் மூத்த மகனும் புவாத்தியேயை வென்றவருமான கருப்பு இளவரசர், இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்தீல் நாட்டில் நடத்திய படையெடுப்பின் செலவை ஈடுகட்ட 1368இல் அக்கித்தேனில் அடுப்பு வரி, அதாவது வீட்டுக்கு வீடு வாங்கும் வரி, விதித்தார். அர்மன்யாக், அல்ப்ரே ஆகிய பகுதிகளின் பிரபுக்கள் பாரிசில் முறையிட்டார்கள். பழைய முறையீட்டு உரிமை மறுபடியும் தலைதூக்கிவிட்டது! சார்லஸ் முறையீட்டை ஏற்று இளவரசரை நேரில் வரச் சொல்லி ஆணை அனுப்பினார். 1369இல் போர் மீண்டும் மூண்டது. இம்முறை பிரெஞ்சுப் படை திறந்த களத்தில் பெரும்போருக்கு வரவே மறுத்தது. 1370இல் தலைமைப் படைத்தலைவராக அமர்ந்த பெர்த்ரான் து கெக்லேன் கோட்டை கோட்டையாக, ஊர் ஊராக, சில இடங்களில் முற்றுகையிட்டும் பல இடங்களில் பேசி இணங்கவைத்தும் மீட்டுக்கொண்டே போனார். 1373இல் லங்காஸ்டர் கோமகன் ஜான் கலேயிலிருந்து போர்தோ வரை பிரான்சின் குறுக்கே ஒரு பெரும்படையை நடத்திச் சென்றார். எதிர்த்து நிற்க ஒரு படையும் வரவில்லை. பசியிலும் குளிரிலும் குதிரைகளையும் ஆட்களையும் இழந்து, ஒரு கோட்டையைக்கூடப் பிடித்துவைத்துக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்தார். 1380இல் சார்லஸ் இறந்தபோது ஆங்கிலேயரிடம் எஞ்சியிருந்தவை கலே, செர்பூர், பிரெஸ்ட், போர்தோ, பயோன் என்று கடலோரமாக ஒட்டிக்கொண்டிருந்த சில துறைமுகங்களும் அவற்றை அடுத்த நிலமும்தான். மறு ஆண்டு போர்ச்செலவுக்காகப் போட்ட தலைவரியை எதிர்த்து ஆங்கில உழவர்கள் லண்டனுக்குள் புகுந்தார்கள்.

பெயர் சொல்லும்படியான பெருஞ்சண்டை ஒன்றுகூட இல்லாத அந்தப் பதினோரு ஆண்டுகளில் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இருக்கிறது. அக்கித்தேனின் வரைபடம் 1360இல் எப்படி இருந்தது, 1380இல் எப்படி ஆயிற்று என்பதை மகளை வரைந்து பார்க்கச் சொல்லுங்கள்.

செம்பூர் செல்வம்:

ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் அரியணை உரிமையைப் பின்னால் வந்து சேர்ந்த ஒன்றாக அவர் ஒதுக்கிவிட்டது எனக்கு உடன்பாடில்லை. தாய்வழி உரிமை என்றதும் தமிழ் வாசகர்களுக்கு முதலாம் குலோத்துங்கன் நினைவுக்கு வருவது இயல்பு. முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கதேவி; அவர் கீழைச் சாளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரனை மணந்து பெற்ற மகன் 1070இல் சோழ அரியணை ஏறினார், நிலைத்தும் ஆண்டார். எட்வர்டுக்கு அந்த வாய்ப்பு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் விடை 1328இல் இருக்கிறது. சரியாகச் சொன்னால் 1316இல்.

1316இல் பத்தாம் லூயி இறந்தபின் பிறந்த ஆண் குழந்தை சில நாட்களே வாழ்ந்தது. லூயிக்கு ழான் என்ற மகள் இருந்தாள். அவளை ஒதுக்கிவிட்டு லூயியின் தம்பி அரசரானார். 1322இல் அந்தத் தம்பி பெண்மக்களை மட்டும் விட்டுச் சென்றபோது அடுத்த தம்பி நான்காம் சார்லஸ் முடிசூடினார். 1328இல் அவரும் ஆண்மகவின்றி இறந்தார். பெண் அரசாள முடியாது என்பது அதற்குள் இரண்டு முறை நடைமுறையில் உறுதியாகிவிட்டது. எஞ்சிய கேள்வி ஒன்றே: தான் ஆள முடியாத பெண், ஆளும் உரிமையைத் தன் மகனுக்குக் கடத்த முடியுமா? எட்வர்ட் சார்லஸின் தங்கை இசபெல்லாவின் மகன். ஆகவே மிக நெருங்கிய ஆண் உறவினர். வலுவா குடும்பத்துப் பிலிப்போ சித்தப்பா மகன்; ஆனால் ஆண்வழி. பிரெஞ்சுப் பிரபுக்கள் பிலிப்பைத் தேர்ந்தார்கள்; ஆறாம் பிலிப் அவரே. எட்வர்டுக்கு அப்போது 15 வயது. ஆட்சி அவருடைய தாயின் கையிலும் தாயின் கூட்டாளியான ரோஜர் மார்ட்டிமரின் கையிலும் இருந்தது. 1329இல் அவர் அமியேன் நகருக்குப் போய்க் கஸ்கொனிக்காகப் பிலிப்பின் முன் பணிந்தும்விட்டார்.

தாய்வழி உரிமையை ஏற்றுக்கொண்டால் எட்வர்டுக்கே இன்னொரு இடையூறும் இருந்தது. 1316இல் ஒதுக்கப்பட்ட அந்த ழானுக்கு 1332இல் ஒரு மகன் பிறந்தான். நவார் நாட்டு மன்னனாகப் பின்னாளில் ஆன சார்லஸ். மூத்த உடன்பிறந்தவரின் மகள்வழிப் பேரன் என்ற முறையில் அவன் உரிமை எட்வர்டினுடையதைவிட வலுவானது. 1350களில் பாரிசைச் சுற்றி நடந்த சூழ்ச்சிகள் பலவற்றில் அவன் கை இருந்ததற்கு இந்தக் குறையும் ஒரு காரணம்.

இவ்வளவு பலவீனம் இருந்தும் அந்தக் கோரிக்கையை வெறும் சாக்கு என்று நான் சொல்லமாட்டேன். அது வேலை செய்த கருவி. இன்றைய பெல்ஜியப் பகுதியில் இருந்த ஃபிளாண்டர்ஸ் நாட்டு நகரங்களின் நெசவுத்தொழில் ஆங்கிலக் கம்பளியை நம்பியிருந்தது. 1336இல் எட்வர்ட் கம்பளி ஏற்றுமதியை நிறுத்தியதும் அங்கே தறிகள் ஓய்ந்தன. அங்கிருந்த கென்ட் (Ghent) நகரத்தின் தலைவரான யாகோப் வான் ஆர்ட்டவெல்டே ஆங்கிலேயர் பக்கம் சாய விரும்பினார். ஆனால் ஃபிளாண்டர்ஸ் பிரெஞ்சு மன்னருக்குக் கட்டுப்பட்ட நாடு. மன்னரை எதிர்ப்பது உறுதிமொழி மீறல். எட்வர்டே பிரான்சின் மெய்யான மன்னர் என்றால் அவருடன் சேர்வது கலகமாகாது. 1340 சனவரியில் எட்வர்ட் பட்டம் சூட்டிக்கொண்ட இடம் கென்ட் என்பதைக் கவனித்தால் இது விளங்கும். பிற்காலத்தில் நார்மண்டிப் பிரபுக்கள் சிலரும் பிரெத்தோன் பிரிவினர் ஒருவரும் இதே வாயில் வழியாகத்தான் வந்து சேர்ந்தார்கள். பிரெஞ்சு மன்னர்மீது மனக்குறை கொண்ட எவருக்கும் இன்னொரு பிரெஞ்சு மன்னர் இருந்தார் என்பதே இந்தப் போர் இவ்வளவு காலம் நீண்டதற்கு முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

மாட்டுங்கா வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. ரெய்ம்ஸ் நகரக் கதவு திறக்காத செய்தியையும், கென்ட் நகரத்தில் பட்டம் சூடியதன் காரணத்தையும் நாங்கள் எங்கும் படித்ததில்லை. ஆனால் ஆசிரியர் ஐயாவின் விளக்கம் முதற்பாதிக்குப் பொருந்துகிறதே தவிர, ஐந்தாம் ஹென்றியின் காலத்துக்குப் பொருந்தவில்லை என்று மகள் சொல்கிறாள். அவர் கொள்ளையடித்துக்கொண்டு குறுக்கே போய் வந்தவர் அல்லர். நார்மண்டியை முழுவதும் பிடித்து, படைகளை நிறுத்தி, ஆட்சியும் நடத்தினார். பாரிசே 16 ஆண்டுகள் ஆங்கிலேயர் பக்கம் இருந்தது. அது எப்படிக் கைநழுவியது? ஜோன் ஆஃப் ஆர்க்கின் பங்கு உண்மையில் எவ்வளவு?

டோம்பிவிலி அன்பன்:

உங்கள் மகளின் மறுப்பு நியாயமானது. 1417இல் தொடங்கிய ஹென்றியின் படையெடுப்பு வேறு வகையைச் சேர்ந்தது. அவர் பீரங்கிகளோடு வந்தார். ஊர் ஊராக முற்றுகையிட்டார். 1418 சூலை முதல் 1419 சனவரி வரை ரூவான் நகரத்தை வளைத்துப் பட்டினி போட்டார். நகரத்தார் உணவைச் சேமிக்க முதியோரையும் வறியோரையும் மதிலுக்கு வெளியே அனுப்பினார்கள். ஹென்றி அவர்களைத் தம் படைவரிசை வழியே போகவிடவில்லை. அகழிக்குள் கிடந்து பலர் செத்தார்கள். அஜின்கோர்ட்டின் புகழைப் பாடுபவர்கள் இந்த அகழியையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆனால் ஹென்றியின் வெற்றி நின்ற தூண் பிரெஞ்சுக்காரர்களின் உட்பகை. ஆறாம் சார்லஸ் மன்னருக்கு 1392 முதல் மனநோய். அவர் பெயரால் ஆள்வது யார் என்பதில் அவருடைய தம்பி ஓர்லியான் கோமகனுக்கும் பர்கண்டி கோமகன் ஜானுக்கும் போட்டி. 1407இல் பாரிசுத் தெருவில் ஓர்லியான் கோமகனைப் பர்கண்டியின் ஆட்கள் வெட்டிக் கொன்றார்கள். 1419இல் மோந்தெரோ பாலத்தில் சமாதானம் பேச வந்த பர்கண்டி கோமகனைப் பட்டத்து இளவரசர் சார்லஸின் ஆட்கள் கொன்றார்கள். இரண்டாவது கொலை பர்கண்டியை அப்படியே ஆங்கிலேயரின் மடியில் தள்ளியது. அடுத்த ஆண்டே துருவா உடன்படிக்கை, இளவரசரின் உரிமை பறிப்பு, ஹென்றியின் திருமணம். பாரிசை 1418இலேயே பர்கண்டி பிடித்துவைத்திருந்ததால்தான் அந்த நகரம் ஆங்கிலேயருக்குத் திறந்தது. மதில்களைத் திறந்தது நெடுவில் அன்று, இந்தப் பகைதான்.

அந்த உடன்படிக்கையின்படி ஹென்றி செய்ய வேண்டியிருந்தது, நோயாளியான மாமனாரைவிட அதிக நாள் உயிரோடு இருப்பது மட்டுமே. அவர் 1422 ஆகஸ்ட் 31 அன்று வயிற்றுக்கடுப்பில் இறந்தார். மாமனார் அக்டோபர் 21 அன்று இறந்தார். ஏழு வாரங்கள்! இரண்டு நாட்டுக்கும் மன்னரானவர் ஒரு வயதுகூட நிறையாத ஆறாம் ஹென்றி. குழந்தையின் சார்பில் பெட்ஃபோர்ட் கோமகன் பிரான்சைத் திறமையாகவே நிர்வகித்தார். 1428இல் லுவார் ஆற்றங்கரையில் ஓர்லியான் நகரத்தை முற்றுகையிட்டபோது இளவரசரின் நிலை மிகவும் தளர்ந்திருந்தது.

ஜோனின் பங்கை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 17 வயது அளவிலான, எழுதப்படிக்கத் தெரியாத ஒரு கிராமத்துப் பெண் 1429 ஏப்ரல் இறுதியில் நகருக்குள் நுழைகிறாள். மே 8 அன்று முற்றுகை விலகுகிறது. ஆனால் போரின் போக்கை மாற்றியது அதற்கடுத்து அவள் பிடிவாதமாகச் செய்வித்தது. தளபதிகள் வேறு திசைகளைக் காட்டியபோது, எதிரியின் நிலத்தின் நடுவே இளவரசரை ரெய்ம்ஸுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று நின்றாள். வழியிலிருந்த நகரங்கள் பெரும்பாலும் சண்டையின்றிப் பணிந்தன. அவற்றுள் துருவாவும் ஒன்று. சூலை 17 அன்று அவர் ஏழாம் சார்லஸாகத் திருநெய் பூசப்பெற்றார். மூன்றாம் எட்வர்டுக்குத் திறக்காத அதே கதவு இவருக்குத் திறந்தது. ஆங்கிலேயர் குழந்தை மன்னருக்கு 1431 டிசம்பரில் பாரிசில் முடிசூட்டிப் பார்த்தார்கள். ரெய்ம்ஸில் நடந்ததற்கு அது ஈடாகவில்லை. அதற்குள் பர்கண்டியர் ஜோனைக் கொம்பியேஞில் பிடித்து ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். திருச்சபை நீதிமன்றம் ஒன்று அவளைக் குற்றவாளியாக்கியது. 1431 மே 30 அன்று ரூவானில் எரித்தார்கள். அவளால் முடிசூடிய மன்னர் அவளை மீட்க ஒரு விரலும் அசைத்ததாகத் தெரியவில்லை. அந்தத் தீர்ப்பு செல்லாது என்று 1456இல் அறிவித்தபோது அவருக்கு வேண்டியிருந்தது தம் முடியின் மீதிருந்த கறையைத் துடைப்பது.

பிறகு நடந்தவை மெதுவாக நடந்தன, ஆனால் உறுதியாக நடந்தன. 1435இல் அராஸ் நகரில் பர்கண்டி, சார்லஸுடன் சமாதானம் செய்துகொண்டது. பெட்ஃபோர்டும் அதே மாதத்தில் இறந்தார். 1436இல் பாரிசு பிரெஞ்சு மன்னரிடம் திரும்பியது. 1444இல் ஏற்பட்ட போர்நிறுத்தத்தை இங்கிலாந்து ஓய்வாக எடுத்துக்கொண்டது, சார்லஸ் வேலைக்காலமாக எடுத்துக்கொண்டார். சம்பளமில்லாக் காலங்களில் நாட்டைக் கொள்ளையடித்துத் திரிந்த கூலிப்படைகளிலிருந்து தேர்ந்தெடுத்து, 1445இல் நிரந்தரச் சம்பளம் பெறும் 15 குதிரைப்படைப் பிரிவுகளை அமைத்தார். அந்தச் சம்பளம் ஆசிரியர் ஐயா சொன்ன அந்த வரிகளின் வழிவந்ததுதான். ழான் பூரோ, கஸ்பார் பூரோ என்ற சகோதரர்கள் பீரங்கிப்படையைச் சீர்செய்தார்கள். 1449இல் ஆங்கிலேயர் பூழேர் நகரத்தைத் தாக்கிப் போர்நிறுத்தத்தைத் தாமே முறித்தார்கள். அடுத்த ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் நார்மண்டி முழுவதும் போயிற்று.

கடைசி அங்கம் போர்தோவில். 1451இல் பிரெஞ்சுப் படை பிடித்த அந்த நகரம், மறு ஆண்டே ஆங்கிலேயரைத் திரும்ப அழைத்தது என்பதை மகளிடம் அவசியம் சொல்லுங்கள். மூன்று நூற்றாண்டுகளாக அவர்களுடைய திராட்சை மதுவை வாங்கியது இங்கிலாந்து. பாரிசின் வரியைவிட லண்டனின் வணிகம் அவர்களுக்கு இனித்தது. இரண்டு தேசங்களின் மோதலாக மட்டும் இந்தப் போரைப் படித்தால் போர்தோ மக்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது புரியவே புரியாது. அவர்களுக்காக வந்த முதிய தளபதி ஜான் டால்பட், 1453 சூலை 17 அன்று காஸ்தியோனில் அகழியும் பீரங்கிகளும் சூழ்ந்த பிரெஞ்சு முகாமின் மீது நேராகப் பாய்ந்து மாண்டார். கிரெசியில் பிரெஞ்சுக் குதிரைப்படை செய்ததை, 107 ஆண்டுகளுக்குப் பிறகு ஆங்கிலப் படை செய்தது. அக்டோபரில் போர்தோ பணிந்தது.

செம்பூர் செல்வம்:

மும்பையில் இருந்துகொண்டு இதைப் பேசுவதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட காஸ்தீல் படையெடுப்பு பயனற்றுப்போனது. அங்கே பிரான்சின் துணையோடு ஆட்சியைப் பிடித்த மன்னர் தம் கப்பற்படையைப் பிரான்சுக்கு அளித்தார். 1372இல் லா ரொஷேல் துறைமுகத்தில் ஆங்கிலக் கப்பல்களை எரித்தவை காஸ்தீலின் துடுப்புக் கப்பல்களே. காஸ்தீலுக்கு எதிராக ஒரு நண்பன் வேண்டும் என்ற தேவையே இங்கிலாந்தைப் போர்ச்சுகலிடம் கொண்டுசேர்த்தது. 1385இல் அல்ஜுபரோட்டாவில் போர்ச்சுகீசியர் காஸ்தீலை முறியடித்தபோது ஆங்கில வில்லாளர்களும் உடன் நின்றார்கள். 1386இல் விண்ட்சர் உடன்படிக்கை. 1387இல் லங்காஸ்டர் கோமகனின் மகள் பிலிப்பா போர்ச்சுகல் மன்னர் முதலாம் ஜானை மணந்தார். கடலோடி என்று பெயர் பெற்ற இளவரசர் ஹென்றி இந்த இணையரின் மகன்.

ஒன்றிலிருந்து ஒன்று தானாகவே வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. இடையில் போர்ச்சுகல் 60 ஆண்டுகள் ஸ்பெயின் மன்னர்களின் கீழ் இருந்தது. ஆனாலும் அந்தப் பழைய நட்பைப் புதுப்பித்துத்தான் 1661இல் இரண்டாம் சார்லஸுக்கும் பிரகன்சா இளவரசி கேத்தரினுக்கும் மண ஒப்பந்தம் எழுதினார்கள், அதில் சீதனமாக எழுதப்பட்ட தீவுதான் பம்பாய். 1668இல் ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்கு அதை மன்னர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். கலேயும் 1558இலேயே போய்விட்டிருந்தது. பிரெஞ்சு மண்ணில் ஒரு சாண் நிலம்கூட அவர்களிடம் இல்லை. ஆனால் எட்வர்ட் கென்ட் நகரத்தில் சூடிய அந்தப் பட்டத்தை ஆங்கில மன்னர்கள் 1801 வரை விடவில்லை. ஆகவே பம்பாயைக் கம்பெனிக்கு வழங்கிய சார்லஸ் மன்னரின் முழுப் பட்டம், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, பிரான்சு, அயர்லாந்து ஆகிய நாடுகளின் மன்னர் என்பதே.